ஆற்றங்கரையில் அம்மா வெட்டிய பாத்தி

எங்கள் ஊரில் ஆறு கிடையாது. யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும், வருடம் பூராவும் தண்ணீர் ஓடுகிற ஆறு ஒன்றை உங்களால் காட்டமுடியாது. கண்டியில் யாரிடமாவது இதைச் சொன்னால், "அப்படியென்றால் எங்கே குளிப்பீர்கள்?" என்று பாவப்பட்டுக் கேட்பார்கள். எங்கே குளிப்பது, கிணற்றடியில்தான்! அதுவும் சும்மா குளிப்பதில்லை. குளித்த தண்ணீர் வாய்க்காலில் இறங்கி வாழைக்குப் போகும், வாழையைத் தாண்டினால் கத்தரிக்குப் போகும், கத்தரியையும் தாண்டினால் அம்மா வந்து வாய்க்காலை மண்ணால் அடைத்து மறுபக்கம் திருப்பிவிடுவாள். ஒரு வாளித் தண்ணீர் வெறும் நிலத்தில் ஊற்றுண்டால் போதும், அன்றைக்கு முழுநாளும் அவளுடைய வாய் ஓயாது.

இப்படிப்பட்ட ஒருத்தியை மகாவலி கங்கைக் கரையில் கொண்டுபோய் இருத்திவிடலாம் என்று என் தகப்பனார் நினைத்தார். அவருடைய துணிச்சலை இன்றைக்கும் நான் மெச்சுகிறேன்.

நாங்கள் அவரை ஐயா என்று கூப்பிடுவோம். கண்டியில் ரெயில்வே கந்தோரில் கிளாக்கர் உத்தியோகம். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்து உத்தியோகத்தரின் சீவியம் ஒரு வகையில் கோணல் சீவியம். புருஷன் தெற்கே, பெண்சாதி பிள்ளைகள் ஊரில். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்து, ஒரு சமையற்காரனை வைத்துக்கொண்டு இருப்பார்கள். அதற்குச் சமறி என்று பெயர். ஐயா அப்படி ஒரு சமறியில்தான் எனக்கு ஒன்பது வயதாகும்வரை இருந்தார். வருடத்தில் இரண்டு மூன்று தரம் ஊருக்கு வருவார். வந்தால் தம்பி முதல் இரண்டு நாளும் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுதான் அவரைப் பார்ப்பான். மூன்றாம் நாள் மெல்ல மடியில் ஏறுவான். ஐந்தாம் நாள் ஐயா ரெயில் ஏறிவிடுவார்.

அந்த வருடம் பங்குனி மாதம் ஐயாவுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. சமறியில் மற்றவர்கள் காலையில் கந்தோருக்கும், சமையற்காரன் சமைத்து வைத்துவிட்டுத் தன் வீட்டுக்கும் போய்விட, பகல் முழுக்கத் தனியே கிடந்திருக்கிறார். தண்ணீர் கேட்டால் கொடுக்க ஆளில்லை. எல்லாம் சுகமான பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது, அதுவும் ஊருக்கு வந்த அவருடைய சிநேகிதர் ஒருவர் வாய்தவறிச் சொல்லித்தான். அம்மா அதைக் கேட்டபோது சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுத் தொடர்ந்து புடைத்தாள். அழவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் கோபமாய் வந்தது. இவள் என்ன பெண்பிள்ளை, நெஞ்சு கல்லா என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் ஐயா வீடு கேட்டு எழுதிப் போட்டார். கட்டுகஸ்தோட்டையில் ஆற்றோரமாய் ஒரு சின்ன வீடு, இருந்தவர் மாற்றலாகிப் போனதால் வெறுமையாய் இருந்தது. குடும்பத்தோடு இருக்கிறவருக்குத்தான் அது கிடைக்கும். பள்ளிக்கூட விடுதலை மாதத்துக்கு எங்களைக் கூப்பிட்டு அங்கே வைத்துக்கொள்ள மேலதிகாரி சம்மதித்தார். விடுதலை முடியுமுன் ஐயா பதில் சொல்லவேண்டும். குடும்பம் நிரந்தரமாய் வந்தால் வீடு அவருக்கு. இல்லையென்றால் வேறொருவருக்கு, அவர் திரும்பவும் சமறிக்கு. அம்மா சம்மதிப்பாளா மாட்டாளா, இது ஒன்றுதான் அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் இருந்த கேள்வி. ஆனால் யாரும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. ஐயாவுக்குப் பயம். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளே!

பொல்காவலையில் ரெயில் மாறி, கடுகண்ணாவை மலையில் ஏறத் தொடங்கியதும் அம்மா யன்னலை அடித்துச் சாத்தினாள். "கீழை பார்க்காதையுங்கோ, தலை சுத்தும்," என்று எங்கள் இருவரையும் கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டாள். பேராதனைக்கு அங்காலே ரெயில் ஆற்றுப் பாலத்தில் கடகடவென்று போனபோது ஐயா தாங்கமாட்டாமல் யன்னலைத் திறந்துவிட்டார். எங்களைக் கூட்டிப்போக அவர் பொல்காவலை வரைக்கும் வந்திருந்தார்.

"இஞ்சேரும், ஒருக்காப் பாரும். இதுதான் மகாவலி."

அம்மா பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவு தண்ணியும் எங்கை போகுது?"

"திருகோணமலைப் பக்கம் போய்க் கடலிலை விழுகுது."

"கடலுக்கோ? அங்கை ஆர் இப்ப தண்ணி இல்லையெண்டு அழுதவை?"

பெட்டியில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐயா யன்னலைத் தானாகவே சாத்திவிட்டார்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. ஓடு போட்ட வீடு, முன்னுக்கு இரண்டு கதிரை போடக்கூடிய விறாந்தை, பின்வளவில் ஒரு பலாமரம். வளவின் கரையில் மூங்கில் பற்றை. அதற்குள்ளால் கல்லுப் படி இறங்கினால் ஆறு. ஐயா ஒவ்வொன்றாய்க் காட்டிக்கொண்டு வந்தார். அலுமாரியைத் திறந்து காட்டினார். அடுப்புக்கு மேலே புகைபோக்கி இருப்பதைக் காட்டினார். அம்மா பெரியசந்தைக்கு மாடு வாங்க வந்தவள் மாதிரி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, "ம்" என்றாள். பிறகு கேட்டாள், "கிணறு எங்கை?"

"கிணறு என்னத்துக்குக் காணும்? ஆறு இருக்கே!"

"ஆறு ஊருக்கெல்லாம் பொது. எங்கடை கிணறு எங்கை எண்டு கேக்கிறன்."

சும்மா சொல்லக்கூடாது, அந்த மனிதர் அந்த மாதம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. விடியக் கந்தோருக்குப் போய் பின்னேரம் வந்தவுடனே கோட்டைக் கழற்றிவிட்டு எங்களை வெளிக்கிடச் சொல்வார். யானைகளை ஆற்றில் படுக்கப்போட்டுத் தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேய்த்துக் குளிப்பாட்டுகிற இடத்துக்குக் கூட்டிப்போவார். வாடகைக்குத் தோணி எடுத்து, பாலத்துக்குக் கீழால் போய்த் திரும்பிவருவோம். ஞாயிற்றுக்கிழமை பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போய், ஆறு தோட்டத்தைச் சுற்றி வளைகிற இடத்தில் புல்லில் இருந்து, கட்டிக்கொண்டு போன புட்டையும் வாழைப்பழத்தையும் சாப்பிடுவோம். வெள்ளைக்காரக் குடும்பங்கள் கூடையும் விரிப்பும் கொண்டுவந்து எங்களுக்குப் பக்கத்தில் இருப்பார்கள். தம்பி முழு வாயைத் திறந்து அவர்களைப் பார்ப்பான். அதற்குள் அவன் ஐயாவின் தோளில் இருந்து இறங்க மறுக்கிற அளவுக்கு வந்துவிட்டான். ஐயாவின் முகத்தில் அப்போது இருந்த மலர்ச்சியை நான் ஊரில் ஒருநாளும் கண்டதில்லை. எனக்கு உள்ளுக்குள் அழுகையாய் வரும். தெய்வமே, இந்த மனிதரைத் திரும்பவும் தனியே விட்டுவிட்டுப் போகப்போகிறோமே என்று.

அம்மாவோ எதற்கும் மசிகிறவளாய்த் தெரியவில்லை. யானை குளிப்பதைப் பார்த்து, "இதுக்கு வார்க்கிற தண்ணியிலை ஒரு பரப்புக் காணிக்கு வெங்காயம் வைக்கலாம்," என்றாள். பூந்தோட்டத்தில், "இவ்வளவு காணியிலை ஒரு முருங்கை நிக்கேல்லைப் பாருங்கோ," என்றாள். குளிருகிறது என்றாள். தேங்காய் ருசியில்லை என்றாள். "முதலாம் திகதி ரெயிலுக்கு இப்பவே சொல்லி வையுங்கோ, பிறகு இடம் கிடையாது," என்று மூன்று நாளுக்கு ஒருக்கால் ஞாபகப்படுத்துவாள். அப்படிச் சொல்லுகிற பொழுதெல்லாம் ஐயா, "ஓம், ஓம்," என்று சொல்லிக்கொண்டு சப்பாத்தைத் துடைக்கப் போய்விடுவார். அந்த மாதம் அவருடைய சப்பாத்து பளபளத்ததுபோல் வேறெப்போதும் பளபளத்ததில்லை.

அவள் குளித்த விதத்தைச் சொல்லவேண்டும். பக்கத்துத் துறைகளில் சிங்களப் பெண்கள் குறுக்குக்கட்டோடு கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, முழுகி எழும்பிக்கொண்டிருப்பார்கள். அம்மா வாளியைக் கொண்டு படியால் இறங்கி, கடைசிப் படியில் குந்தியிருந்து, ஆற்றில் வாளியைத் தோய்த்துத் தோய்த்துத் தலையில் ஊற்றுவாள். எங்களையும் அப்படித்தான் வார்ப்பாள். ஆற்றுக்கு முன்னால் வாளியோடு இருக்கிற எங்களைப் பார்த்து எதிர்க்கரைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் வெட்கத்தில் செத்துப்போவேன். "இறங்கிக் குளியணை," என்று ஒருநாள் கெஞ்சினேன். "தெரியாத தண்ணிக்குள்ளை இறங்கிறதோ? விசரி!" என்றாள். பிறகு ஊற்றின தண்ணீர் படியால் வழிந்து திரும்ப ஆற்றுக்குள் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஒண்டுக்கும் உதவாமல் போகுது," என்று பெருமூச்சு விட்டாள்.

பாத்தி அப்படித்தான் வந்தது.

படிக்குப் பக்கத்தில், மூங்கில் பற்றைக்குக் கீழே, ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் ஒரு பெரிய பாய் விரித்த அளவுக்கு மேடாய்க் கிடந்தது. கறுத்த, மெதுமெதுவென்ற மண். வந்த முதல் கிழமையே ஒருநாள் அம்மா அதில் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள். எங்கள் ஊர்ச் செம்மண்ணில் குப்பையும் ஆட்டுப் புழுக்கையும் போட்டுப் போட்டு மாரடிக்கிறவள் அவள். இப்படி மண் ஒன்று கேட்பாரற்றுக் கிடப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. அடுத்த நாள் பக்கத்து வீட்டில் மண்வெட்டி இரவல் வாங்கினாள். இரண்டு பாத்தி கட்டினாள். ஒன்றில் கீரை விதை எறிந்தாள். மற்றதுக்கு, ஊரிலிருந்து சமையலுக்குக் கொண்டுவந்த செத்தல் மிளகாயை உடைத்து விதையை உதிர்த்து, அடுப்புச் சாம்பலில் புரட்டித் தூவினாள். குளிக்கிற தண்ணீர் இரண்டு பாத்திக்கும் போகிறமாதிரி விரலால் ஒரு சின்ன வாய்க்கால் இழுத்தாள். அன்றைக்குத்தான் அவள் அந்த ஆற்றில் முதன்முதல் மனம் நிறையத் தலைக்கு வார்த்தாள்.

மண்வெட்டி கொடுத்தவள் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண். புருஷன் சந்தியில் புடைவைக்கடை வைத்திருந்தார். அம்மாவைவிட நாலைந்து வயது மூத்தவள், வாய் நிறையச் சிரிப்பு. வந்த இரண்டாம் நாளே வேலிக்கு மேலால் வட்டிலப்பம் நீட்டி, "தங்கச்சி, புள்ளைகளுக்குக் குடுங்க," என்று உறவாகிவிட்டாள். "என்னய ராத்தாண்டு கூப்புடுங்க," என்றாள். அவர்கள் பேச்சில் ராத்தா என்றால் அக்கா. அம்மா கூப்பிட, நாங்களும் ராத்தா என்றே கூப்பிட்டோம்.

பாத்தியைப் பார்க்க ராத்தா மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"தங்கச்சி, இதுல நடவாணாம். இது ஆத்துட எடம்."

"ஆறு அங்கை கீழையெல்லே கிடக்குது?"

"இன்டைக்கிக் கீழ ஈக்கி. நாளைக்கி எங்க ஈக்குமெண்டு செல்ல ஏலா."

"மழை வந்தால் தெரியாதே, ராத்தா? வானத்தைப் பார்த்தால் விளங்கும்தானே. இருட்டினால் நான் கிண்டி எடுத்திடுவன்."

கிணற்றுக்காரியின் பேச்சு இது. எங்கள் ஊரில் எங்கள் தலைக்கு மேலே மழை பெய்தால்தான் எங்கள் கிணற்றில் தண்ணீர் ஏறும். அதுவும் மெல்ல மெல்ல, நாள் கணக்கில். எங்கோ ஓரிடத்தில் பெய்கிற மழை இங்கே வந்து எங்கள் முற்றத்தில் ஏறும் என்று சொன்னால் ஊரில் யார் நம்புவார்கள்? ராத்தா சொல்லவேண்டியதைச் சொன்னாள். அம்மா கேட்கவில்லை. பிறகு ராத்தா இரண்டாவது பாத்தியைக் காட்டி, "இது என்ன போட்டீக்கிறீங்க?" என்றாள்.

"மிளகாய்."

ராத்தா பாத்தியைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு அம்மாவைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "அப்ப சரி," என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் படியேறிப் போய்விட்டாள். ராத்தா என்னத்துக்குச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

கீரை சடசடவென்று வந்தது. மிளகாயும் முளைத்து, பிறகு நாலு இலை விட்டது. ஐயா கந்தோரால் வந்ததும் அம்மா அவரைப் படிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாள். ஒருநாள் அல்ல, ஒவ்வொரு நாளும். அவர் சின்ன வயதிலேயே மிஷன் விடுதியில் சேர்ந்து படித்த மனிதர். கத்தரிக் கன்றுக்கும் புகையிலைக் கன்றுக்கும் வித்தியாசம் தெரியாது.

"பாத்தீங்களோ, நாலு இலை விட்டிட்டுது."

"ஓம், வடிவாய்த்தான் இருக்கு."

"இன்னும் கொஞ்ச நாளிலை பிடுங்கி நடவேணும்."

"நடும், நடும்."

அவ்வளவுதான். அம்மா அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு அவள் சட்டென்று முறுகி, "முதலாம் திகதி ரெயிலுக்குச் சொல்லீட்டியளே?" என்பாள். ஐயா சப்பாத்தைத் தேடிப் போவார். எனக்கு இருவரிலும் ஆத்திரம் வரும்.

விடுதலை முடியக் கிட்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். நல்ல வெயில். வானம் கழுவித் துடைத்த மாதிரி நீலமாய்க் கிடந்தது. அம்மா வேலை எல்லாம் முடித்துவிட்டுக் கீழே போய்ப் பாத்தியில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நானும் தம்பியும் மேல்படியில் இருந்தோம். ஐயா விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஆற்றின் நிறம் மாறியதைத் தம்பிதான் கண்டான். "அக்கா, தேத்தண்ணி!" என்றான். மெய்தான், பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பிறகு சருகும் சுள்ளியும் வந்தன. பிறகு ஒரு முழு வாழைமரம் குலையோடு வந்தது. சத்தம் அப்போதுதான் கேட்டது. கீழ்ப்படி இரண்டு காணாமல் போயிருந்தது. வேலிப் பக்கத்தில் ராத்தா தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"தங்கச்சீ! மேல மழ பேஞ்சீக்கி! ஏறுங்க! எல்லாத்தையும் உட்டுட்டு ஏறுங்க!"

அம்மா வானத்தைத்தான் பார்த்தாள். அந்த நேரத்திலும் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள்! ஒரு முகில்கூட இல்லை. திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் கீரைப் பாத்திக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. வேறு யாராய் இருந்தாலும் ஓடி ஏறியிருப்பார்கள். அவள் குந்தியிருந்து மிளகாய்க் கன்றுகளை மண்ணோடு தோண்டித் தோண்டி வாளிக்குள் போடத் தொடங்கினாள். நான் கத்திக் குழறினேன். தம்பி குழறினான். தண்ணீர் அவளுடைய முழங்காலுக்கு வந்தது. வாளியை அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்ப, கால் புதைந்துவிட்டது. எடுக்க முடியவில்லை.

ஐயா எப்படி அந்தப் படியால் இறங்கினார் என்று எனக்குத் தெரியாது. என்னைத் தாண்டிப் போன வேட்டிதான் தெரிந்தது. ஒரு கையால் மூங்கிலைப் பிடித்து, அதற்குள் இடுப்பளவுக்கு ஏறிவிட்ட தண்ணீரில் நின்று, மறுகையால் அம்மாவின் மேற்கையைப் பிடித்து இழுத்தார். அவள் வரவில்லை. வாளியை விட்டால்தான் மற்றக் கையால் எதையாவது பிடிக்கலாம், அதை அவள் விடமாட்டாள்.

"வாளியை விடும்!"

"என்ரை கண்டுகள்!"

"கண்டு போனால் போகட்டும்! நீர் போனால் நான் ஆரோடை இருக்கிறது?"

வருடம் முழுக்கத் தனியே இருக்கிற மனிதர் அவர். இருந்தும் அப்படித்தான் கேட்டார். பெண்சாதியைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தையை நாலு பேர் கேட்கச் சொல்லுகிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. எதிர்க்கரையில் சனம் நின்றது, வேலியில் ராத்தா நின்றாள். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். வாளியை விட்டாள். அது ஒருதரம் சுற்றிவிட்டு, பச்சைப் பச்சையாய்க் கன்றுகள் தலைநீட்டப் பாலத்தின் பக்கம் போய்விட்டது.

அம்மாவை மேலே கொண்டுவந்து விறாந்தையில் இருத்தினோம். ராத்தா இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி கொண்டுவந்து தன் கையாலேயே பருக்கினாள். நான் அப்போதே சொன்னேனே என்று அவள் ஒரு சொல் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுடைய குணத்துக்கு நான் எப்போதும் கடமைப்பட்டவள். ஐயா ஈர வேட்டியோடு சுவரில் சாய்ந்து நின்று அம்மாவைப் பார்த்தபடியே இருந்தார். அவருடைய உள்ளங்கை மூங்கிலில் உரசிக் கிழிந்திருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அம்மா எங்களோடு பேசவில்லை. சமைத்தாள், கூட்டினாள், எங்களுக்குத் தலை வாரிவிட்டாள். ஆற்றுப் பக்கம் போகவில்லை. குளிப்பதற்கு ராத்தா வீட்டுக் கிணற்றுக்கு எங்களைக் கூட்டிப்போனாள். குளிர் என்று முறைப்பாடு இல்லை, தேங்காய் சரியில்லை என்ற முறைப்பாடு இல்லை, முதலாம் திகதி ரெயில் பேச்சும் இல்லை. அந்த மௌனம் அவளுடைய எல்லாக் குறைகளையும்விட எங்களைப் பயமுறுத்தியது. போதும், இவள் இந்த ஆற்றை வெறுத்துவிட்டாள், இனி எந்தத் தெய்வம் வந்து சொன்னாலும் இங்கே நிற்கமாட்டாள் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். ஐயாவும் அதைத்தான் நினைத்தார்.

புதன்கிழமை பின்னேரம் அவர் கந்தோரால் வந்தார். வழக்கம்போல் கோட்டைக் கழற்றவில்லை. குசினி வாசலில் வந்து நின்றார். அம்மா நிலத்தில் இருந்து சுளகை மடியில் வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சேரும்," என்றார். தொண்டையைச் செருமினார். "நான் இந்த வீட்டுக் கதையை உம்மட்டைக் கேக்கவேணும் கேக்கவேணும் எண்டு ஒரு மாதமாய் யோசிச்சுக்கொண்டு இருந்தனான். இனிக் கேக்கமாட்டன். உம்மை ஆத்துக்குள்ளை அப்பிடிக் கண்ட பிறகு எனக்கு ஒண்டும் வேண்டாம். நீர் பிள்ளையளோடை ஊரிலை சுகமாய் இரும். நான் சமறிக்குப் போறன். வீடு வேண்டாமெண்டு நாளைக்குச் சொல்லிவிடுறன்."

அம்மா நிமிரவில்லை. செத்தல் மிளகாய் ஒன்றை எடுத்து உடைத்து, விதையைச் சுளகில் தட்டினாள். இன்னொன்றை எடுத்தாள். அப்போதுதான் அவள் என்ன செய்கிறாள் என்று எனக்கு விளங்கியது.

"பலாமரத்துக்கு அங்காலை, வேலிக் கரையோடை, நிலம் நல்ல உயரம்," என்றாள். மூன்று நாளுக்குப் பிறகு அவளுடைய குரலை அப்போதுதான் கேட்டோம். "அங்கை ஆறு ஒருநாளும் ஏறினதில்லை எண்டு ராத்தாவும் சொன்னவ. அதிலை ஒரு பாத்தி வெட்டித் தாங்கோ. எனக்கு இன்னும் கால் நோகுது."

"இதென்ன, விதையே?"

"மிளகாய்."

"இப்ப மிளகாய் போட்டு என்ன செய்யப்போறீர்? எவ்வளவு நாள் செல்லும் காய்க்க?"

"முளைச்சு, பிடுங்கி நட்டு, பூத்துக் காய்க்க நாலு மாதம் செல்லும்."

ஐயா கந்தோர்க்காரர் அல்லவா, விரலை மடக்கினார். "புரட்டாதி, ஐப்பசி, கார்த்திகை..." என்று சொல்லிக்கொண்டு போனவர், "நீங்கள் வாற கிழமை ரெயில் ஏறினால் இதை ஆர்..." என்றார். அங்கே நின்றுவிட்டார். மடக்கிய விரல் மடக்கினபடியே இருந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார், சுளகைப் பார்த்தார், திரும்ப அம்மாவைப் பார்த்தார்.

"ஆத்தங்கரையிலை முதல் வைச்சதும்..." கையை ஆற்றுப் பக்கம் நீட்டினார். "அதுவும் மிளகாயோ?"

"பின்னை?"

"வந்த முதல் கிழமையே வைச்சனீர்!"

"காய்ச்சல் வந்து கிடந்தியளாம், ஒருத்தரும் தண்ணி தரேல்லையாம். அதைக் கேட்ட நாளிலை இருந்து எனக்கு ஊரிலை ஒரு வாய் சோறு வடிவாய் இறங்கேல்லை," என்றாள் அம்மா. கண்ணீர் பொலபொலவென்று சுளகில் விழுந்தது. துடைக்கவும் இல்லை.

ஐயா கோட்டோடு அந்தக் குசினி நிலத்தில், அவளுக்கு முன்னால் இருந்தார். அவர் வீட்டில் நிலத்தில் உட்கார்ந்து நான் அதுவரை கண்டதில்லை.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! ஒரு மாதமாய்ச் செத்துச் செத்துப் பிழைச்சனான்."

"சொல்லாமலோ? ஒவ்வொரு நாளும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினனான்," என்றாள் அம்மா. "ரெயிலுக்குச் சொல்லுங்கோ எண்டு கேட்டும், நில்லும் எண்டு ஒரு சொல் நீங்கள் சொல்லேல்லை. வேறை என்னெண்டு சொல்லுறது?"

ஐயா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தம்பி புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவருடைய மடியில் ஏறி இருந்தான்.